செகண்ட் ஹேண்டில் எடுத்த டீசல் பிரெஸ்ஸா: தர்மபுரிச் சாலைகளில் ஓட்டிப் பார்த்த கணக்கு

கார் வாங்க நினைக்கும் வீட்டில் முதலில் எழுகிற கேள்வி புதுசா, பழசா என்பதுதான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பித்தது. கொஞ்சம் கணக்குப் போட்டதும் அது டீசலா, பெட்ரோலா என்று மாறிவிட்டது. டீசல் என்று முடிவானபின் பழசு என்பது தானாகவே வந்து சேர்ந்தது. 2022இல் நாங்கள் எடுத்தது 2018 மாடல் மாருதி விட்டாரா பிரெஸ்ஸா, இசட்.டி.ஐ. என்ற டீசல் வகை, சிங்கிள் ஓனர், டி.என். 29 என்ற தர்மபுரிப் பதிவு வண்டி. மீட்டர் இப்போது ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது.

எங்கள் ஓட்டத்தைச் சொல்லாமல் வண்டியைப் பற்றிச் சொல்வதில் அர்த்தமில்லை. வீடு தர்மபுரியில். நான் பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியை. வீட்டுக்காரருக்கு ஓசூரில் வேலை, வாரக் கடைசியில் கூட்டிவருவதும் கொண்டுபோய் விடுவதும் பெரும்பாலும் நான்தான். அம்மா வீடு அரூரைத் தாண்டி சித்தேரி அடிவாரத்தில். கடைசி இரண்டு கிலோமீட்டர் மண் ரோடு, மழை பெய்தால் ஓடை. அத்தைக்கு முழங்கால் வலி. தாழ்வான காரில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டும். அதனால் ஹேட்ச்பேக், செடான் எல்லாம் பட்டியலுக்கே வரவில்லை.

அந்த நேரத்தில் புதுசில் பார்த்தவை நெக்ஸான், வென்யூ, சோனட், எக்ஸ்.யு.வி. 300. நான்குமே நல்ல வண்டிகள்தான். எக்ஸ்.யு.வி. 300 டீசலின் இழுவை அபாரம், 300 நியூட்டன் மீட்டர் டார்க். ஆனால் டிக்கி 260 லிட்டருக்கும் குறைவு. ஊரிலிருந்து திரும்பும்போது அம்மா ஏற்றிவிடும் அரிசி மூட்டைக்கும் தேங்காய்க்கும் அது போதாது. சோனட் டிக்கி பெரியது, பின்சீட்டில் கால் நீட்ட இடம் குறைவு. நெக்ஸானில் என் மனம் ரொம்ப நாள் நின்றது. 2018 டிசம்பரிலேயே குளோபல் என்கேப் விபத்துச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய வண்டி, தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளியான கிரவுண்ட் கிளியரன்ஸ் 209 மில்லிமீட்டர்.

தடுத்தது புகை வடிகட்டி. 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த டீசல் கார்களில் புகைபோக்கி வழியில் டி.பி.எஃப். என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. அதில் சேரும் கரித்துகளை வண்டியே அவ்வப்போது எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு எஞ்சின் நன்றாகச் சூடாகி, கொஞ்ச நேரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். ஊருக்குள் காய்கறி, டியூஷன் என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டமே அதிகம் என்றால் கரி சேர்ந்துகொண்டே போய் எச்சரிக்கை விளக்கு எரியும். நெடுஞ்சாலை ஓட்டம் இருப்பவர்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. எனக்கு வாரத்தில் பாதி நாள் ஊர் ஓட்டம், மீதி நாள் நீண்ட ஓட்டம். பள்ளி விடுமுறை மாதங்களில் ஊர் ஓட்டம் மட்டும்தான்.

அதற்கு முந்தைய விதியான பி.எஸ். 4 பிரெஸ்ஸாவில் அந்தத் தொல்லை இல்லை. அதில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் டீசல் எஞ்சின். 90 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர். ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகாவில் தொடங்கி டாடாவின் இண்டிகா விஸ்டா வரை போட்டு ஓட்டிய அதே குடும்பத்து எஞ்சின். இந்த எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரியாத மெக்கானிக் தர்மபுரியில் இருக்கமாட்டார். டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். குறிப்பிட்ட கிலோமீட்டரில் பெல்ட் மாற்றும் செலவு மிச்சம். பி.எஸ். 6 வந்தபோது மாருதி டீசலையே நிறுத்திவிட்டதால் டீசல் பிரெஸ்ஸா வேண்டுமென்றால் செகண்ட் ஹேண்டைத் தவிர வழியில்லை.

பழைய வண்டி தேடுவது தனி வேலை. கன்சல்டிங் என்கிற பழைய கார் விற்கும் இடங்களில் நிற்கும் வண்டிகள் எல்லாமே பாலிஷ் போட்டுப் பளபளவென்றுதான் இருக்கும். பளபளப்பைப் பார்க்காதீர்கள் டீச்சர், போல்ட்டைப் பாருங்கள் என்றார் எங்கள் மெக்கானிக் அண்ணன். பானெட் போல்ட்டிலும் ஃபெண்டர் போல்ட்டிலும் பெயிண்ட் உரிந்திருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கண்ணாடிகளின் மூலையில் தயாரிப்புக் குறியீடு இருக்கும். ஒன்று மட்டும் வேறு வருடம் காட்டினால் ஏன் மாற்றினார்கள் என்று கேட்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். முப்பதாயிரம்தான் ஓடியது என்று சொல்லும் வண்டியில் இரண்டாவது செட் டயர் கிடந்தால் மீட்டரை நம்பக்கூடாது. நாங்கள் பார்த்த ஒரு வண்டி அப்படித்தான் கழிந்தது. இன்னொன்று சென்னையிலிருந்து வந்தது. வெள்ளப் பயத்தில் தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தோம், சீட் ஓடும் இரும்புத் தண்டவாளத்தில் துரு. விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

எஞ்சினைக் காலையில் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து பார்ப்பது முக்கியம். நாம் வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள். சர்வீஸ் வரலாற்றை வண்டி எண்ணை வைத்து அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கேட்டுச் சரிபார்த்தோம். அரசின் எம்பரிவாகன் செயலியில் எத்தனையாவது ஓனர், கடன் பாக்கி இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை என்பதெல்லாம் தெரிந்துவிடும். அபராதச் சலான் பாக்கியை இ-சலான் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பெங்களூரு அருகில் இருப்பதால் கே.ஏ. பதிவு வண்டிகள் ஆசை காட்டும் விலையில் வரும். ஓட்டிக்கொண்டிருக்கும்வரை சரி. வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்து ஓட்டினால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். அதற்கு அந்த ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று, இங்கே வந்து திரும்பவும் ஆயுள் வரி. அங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம்தான், அது நமக்கு வந்து சேருவதற்குள் பொறுமை போய்விடும். வரியையும் அலைச்சலையும் சேர்த்தால் டி.என். வண்டி விலைக்கே வந்து நிற்கும். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் விலை குறைவு என்று எடுத்துவிட்டு இந்தச் சுற்று முழுவதும் சுற்றினார்.

சரி, ஓட்டம். ஏறி உட்கார்ந்ததும் பிடித்துப்போனது இருக்கையின் உயரம். நான் ஐந்தடியைக் கொஞ்சம்தான் தாண்டியவள். சீட்டை உயர்த்தி வைத்தால் பானெட் முனை தெரிகிறது, பாலக்கோடு சந்தை நாளில் தக்காளி வண்டிகளுக்கு நடுவே நுழைய அது பெரிய தைரியம். அத்தை யார் கையும் பிடிக்காமல் பக்கவாட்டில் உட்கார்ந்து திரும்பிக்கொள்கிறார். ஏறவும் வேண்டாம் இறங்கவும் வேண்டாம், அவர் இடுப்பு உயரத்துக்கே சீட் இருக்கிறது. 198 மில்லிமீட்டர் கிளியரன்ஸ் அம்மா வீட்டு மண் ரோட்டுக்குத் தாராளம். தர்மபுரி-ஓசூர் 844ஆம் எண் நெடுஞ்சாலையை நால்வழியாக்கிக்கொண்டிருந்த காலத்தில் மாற்றுப்பாதைக் குழிகளில் இறங்கி ஏறியே பள்ளிக்குப் போனேன், அடியில் ஒருநாளும் தட்டியதில்லை.

மைலேஜ் என்று நிறுவனம் சொன்னது லிட்டருக்கு 24.3. நெடுஞ்சாலையில் எண்பதுக்குள் ஓட்டினால் 20, 21 கிடைக்கிறது. ஊருக்குள் 16. நான்கு பேர், ஏ.சி., மூட்டை முடிச்சுடன் மலை ஏறினால் அதுவும் இறங்கும். ஓசூர் போகும்போது அத்திப்பள்ளியைத் தாண்டி டீசல் போட்டுவரும் வழக்கம் அங்குள்ளவர்களுக்கு உண்டு. கர்நாடகத்தில் விலை குறைவு. அதற்காக மட்டும் எல்லை தாண்டுவது எனக்கு வெட்டி வேலை.

குறையும் இருக்கிறது. இந்த 1.3 எஞ்சினுக்கு 2000 ஆர்.பி.எம்முக்குக் கீழே உயிர் இல்லை. டர்போ விழிக்கும்வரை காத்திருக்க வேண்டும். சமவெளியில் இது பழகிவிடும். வத்தல்மலைக் கொண்டை ஊசி வளைவுகளில் மூன்றாவது கியரிலேயே திருப்பலாம் என்று நினைத்தால் பாதி வளைவில் வண்டி திணறும். வளைவுக்கு முன்பே இரண்டுக்கு, சில இடத்தில் ஒன்றுக்கு வந்துவிட வேண்டும். எஞ்சின் சத்தம் உள்ளே கேட்கும். பின்சீட்டுக்குத் தனி ஏ.சி. துவாரம் கிடையாது, ஏப்ரல், மே வெயிலில் குழந்தைகளின் புலம்பல் கிருஷ்ணகிரி வரை தொடரும்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது பாதுகாப்பு. ஏர்பேக் இரண்டு, பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். உண்டு, குளோபல் என்கேப்பில் நான்கு நட்சத்திரம். ஆனால் வழுக்கும்போது வண்டியை நேராக்கும் இ.எஸ்.சி. இதில் இல்லை. தர்மபுரியிலிருந்து சேலம் போகிற எல்லோருக்கும் தொப்பூர் இறக்கம் தெரியும். அடுத்தடுத்து பாரம் ஏற்றிய லாரிகள், பிரேக் சூடேறிய வாடை, எந்த லாரி எப்போது கட்டுப்பாட்டை இழக்கும் என்று சொல்லமுடியாது. மூன்றாவது கியரில் போட்டு எஞ்சின் பிடியிலேயே இறக்குவேன், முன்னால் லாரி இருந்தால் நெருங்கமாட்டேன், பின்னால் லாரி இருந்தால் வழிவிட்டுவிடுவேன். மழைநாளில் இறங்கும்போது மட்டும் புது வண்டி வாங்கியிருக்கலாமோ என்று தோன்றும். இன்றைய புதிய வண்டிகள் பலவற்றில் ஆறு ஏர்பேக், இ.எஸ்.சி. எல்லாம் அடிப்படை மாடலிலேயே வருகின்றன. பழைய வண்டிக்கு ஆதரவாக நான் எவ்வளவு பேசினாலும் இந்த ஒரு இடத்தில் பதில் கிடையாது.

செலவைச் சொல்கிறேன். வாங்கிய விலையோடு முதல் வருடச் செலவையும் சேர்த்தால்தான் பழைய வண்டியின் உண்மை விலை. நான்கு டயரும் மாற்றினோம், 215/60 ஆர். 16 அளவு, முப்பதாயிரத்தை ஒட்டி ஆனது. முந்தையவர் கிளட்ச் மேல் காலை வைத்தே ஓட்டுகிறவர் போலிருக்கிறது, கிளட்ச் செட் பதினைந்தாயிரத்துக்குள் முடிந்தது. பேட்டரி, லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு என்று இன்னும் கொஞ்சம். இன்சூரன்ஸில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இழப்பீடு கேட்காத வருடங்களுக்குக் கிடைக்கும் நோ கிளைம் போனஸ் சலுகை வண்டிக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது. முந்தைய உரிமையாளர் 50 சதவீதச் சலுகையில் கட்டிய பிரீமியத்தைக் காட்டி இவ்வளவுதான் வரும் என்பார்கள், நம் பெயருக்கு மாறியதும் அந்தச் சலுகை போய்விடும். அதன்பிறகு பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில், ஃபில்டர் தவிர பெரிதாக எதுவும் வரவில்லை. ஒரு தனியார் பட்டறையில் மட்டும் மாற்றாத டீசல் ஃபில்டருக்குப் பில் போட்டார்கள். அதிலிருந்து கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுப்பது.

இன்றைய நிலவரத்தில் இதே முடிவை எடுப்பேனா? என் தம்பி கேட்டபோது புதுசே வாங்கு என்றுதான் சொன்னேன். அவன் கிருஷ்ணகிரியில் கடை வைத்திருக்கிறான், வருடத்துக்கு எட்டாயிரம் கிலோமீட்டர் ஓடினால் அதிகம். அந்த ஓட்டத்துக்கு டீசலின் விலை வித்தியாசம் திரும்பி வராது. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்கு உட்பட்ட, 1200 சி.சி.க்கு மிகாத பெட்ரோல் கார்களுக்கும் 1500 சி.சி.க்கு மிகாத டீசல் கார்களுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகிவிட்டது. முன்பு செஸ் சேர்த்துப் பெட்ரோலுக்கு 29, டீசலுக்கு 31 என்று இருந்தது. இப்போதைய பிரெஸ்ஸா பெட்ரோல் நீளத்தில் நான்கு மீட்டருக்குள் இருந்தாலும் எஞ்சின் 1.5 லிட்டர் என்பதால் 40 சதவீத வரியில் நிற்கிறது. ஒரே உயரத்தில் நிற்கும் இரண்டு வண்டிகளின் விலைப்பட்டியலைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சாலை வரியிலும் ஒரு கோடு உண்டு. தமிழ்நாட்டில் ஐந்து லட்சத்திலிருந்து பத்து லட்சம் வரை 13 சதவீதம், பத்தைத் தாண்டி இருபது லட்சம் வரை 18. ஷோரூம் விலை பத்து லட்சத்தை ஒட்டி இருந்தால் சன்ரூஃபுக்காக மேல் மாடலுக்குப் போவது வரியிலேயே அரை லட்சம் தின்றுவிடும். தம்பி சன்ரூஃபை விட்டுவிட்டு 1.2 பெட்ரோல் வென்யூ எடுத்தான். ஊர் ஓட்டத்துக்கு மெத்தென்று இருக்கிறது. நான்கு பேரோடு ஒகேனக்கல் போய்த் திரும்பிப் பென்னாகரம் ஏற்றத்தில் வரும்போது மட்டும் ஏ.சி.யை அணைக்கச் சொல்வான்.

புதிய விலை இறங்கியதால் பழைய வண்டி விலையும் இறங்கத்தான் வேண்டும், இப்போது வாங்குகிறவர்கள் 2022 விலையைக் கொடுக்காதீர்கள். டீசல் பிரெஸ்ஸாதான் வேண்டுமென்றால் 2019, 2020 மாடலாகப் பாருங்கள். பதிவு பதினைந்து வருடம், அதற்குப் பிறகு எஃப்.சி. காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். என் வண்டிக்கு 2033 வரை நேரம் இருக்கிறது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பெயர் மாற்றத்துக்கு 29, 30ஆம் எண் படிவங்கள், கடன் இருந்திருந்தால் 35. இவற்றில் விற்பவரின் கையெழுத்து வாங்காமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். பழைய ஃபாஸ்டேக்கை அவரே முடித்துக்கொடுக்க வேண்டும். அது முடியாததால் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் என் பயணத்துக்கு முந்தைய உரிமையாளரின் கணக்கிலிருந்து பணம் போனது, நல்ல மனிதர், போன் செய்து சிரித்துக்கொண்டே கேட்டார்.