குட்டைச் சுவர்தானே என்று விட்டேன்: புதிதாகக் கட்டுபவர்கள் கவனத்துக்கு

வீட்டை ஒட்டி மரச்சட்டத்தில் ஓர் அறை கட்டினேன். கான்கிரீட் அஸ்திவாரம் வேண்டிய உயரத்துக்கு 2 அடி குறைந்துவிட்டது. "அதுக்கு மேல மரத்துலயே குட்டையா ஒரு சுவர் வெச்சு தூக்கிடலாம் சார், ஒண்ணும் ஆகாது" என்றார் காண்ட்ராக்டர். நம்பினேன்.

முதல் பெருங்காற்றுக்கே ஜன்னல் இறுகிக்கொண்டது. மூலையில் தோள் கொடுத்து அழுத்தினால் சுவர் ஆடியது. வெளிப்பலகையைக் கழற்றியதும் வயிறு எரிந்தது. கான்கிரீட் மேல் படுக்கவைத்து போல்ட்டால் இறுக்கும் மரம்தான் அடிச்சட்டம்; 16 அடி நீள அடிச்சட்டத்துக்கு இரண்டே போல்ட். ஒன்றில் வாஷர் இல்லை, நட் விரலுக்கே சுழன்றது. துளைக்கு நேராக வராத போல்ட்டுகளை அறுத்தெறிந்துவிட்டு ஆணி அடித்திருக்கிறார்கள். அடிச்சட்டமோ மருந்தேற்றாத சாதா மரம். கான்கிரீட்டின் ஈரம் ஏறி அடிப்பக்கம் கறுத்திருந்தது. பேனாக்கத்தி அரை அங்குலம் சுலபமாக இறங்கியது.

அமெரிக்க வீட்டுக் கட்டுமான விதியில் பொதுவான கணக்கு இது: அரை அங்குல போல்ட், கான்கிரீட்டுக்குள் 7 அங்குலம், 6 அடிக்கு மேல் இடைவெளி கூடாது, சட்டத்தின் இரு முனையிலும் 12 அங்குலத்துக்குள் ஒன்று. அப்படிப் பார்த்தால் எனக்கு 4 போல்ட்டாவது வேண்டும்.

அதைவிடப் பெரிய தப்பு, குட்டைச் சுவரின் கட்டைகள் மேல் பிளைவுட் அடிக்காதது. நிற்கும் கட்டைகள் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும். பக்கவாட்டில் தள்ளினால் அவற்றைப் பிடித்திருப்பது சில ஆணிகள்தான். மேலே உள்ள அறை முழுவதும் வாங்கும் காற்றின் விசை அந்த 2 அடி வழியாகத்தான் அஸ்திவாரத்துக்கு இறங்கியாக வேண்டும். குட்டைச் சுவரும் மேல்சுவரும் சேரும் இடம் கீல் மாதிரி மடங்கும். அந்த இணைப்பைத் தாண்டி, அடிச்சட்டம் வரை பிளைவுட் இறங்கி, ஓரமெல்லாம் நெருக்கமாக ஆணி வாங்கியிருக்க வேண்டும். கலிபோர்னியாவில் 1989, 1994 நிலநடுக்கங்களில் இப்படிப்பட்ட குட்டைச் சுவர்கள் சாய்ந்துதான் பல வீடுகள் அஸ்திவாரத்தை விட்டு இறங்கின. கான்கிரீட்டையே உயர்த்தியிருந்தால், அல்லது அஸ்திவாரத்திலிருந்து கூரைவரை ஒரே நீளக் கட்டை நிறுத்தியிருந்தால் இந்தக் கீலே இருந்திருக்காது. அவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை.

கேட்டால், "மூடின வேலைக்கு நாங்க பொறுப்பில்ல" என்கிறார். மூடியது அவர்தான்!

பலகை அடிக்குமுன் போய் நில்லுங்கள். போல்ட்டுகளை எண்ணுங்கள், ஒவ்வொரு நட்டிலும் ஸ்பானர் போட்டுப் பாருங்கள், போட்டோ எடுத்து வையுங்கள். கடைசித் தவணையை அதற்குப் பிறகு கொடுங்கள்; நான் முன்னாடியே கொடுத்துவிட்டேன்.