பிரஷர் மாத்திரையில் திருப்தியா? பல வருட அனுபவத்திலிருந்து

பிரஷருக்கு மாத்திரை சாப்பிட ஆரம்பித்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இதற்கிடையில், 'இந்த மருந்தில் உங்களுக்கு எவ்வளவு திருப்தி?' என்று கேட்கும் கேள்வித்தாளையும் சில தடவை நிரப்பியிருக்கிறேன். மாத்திரை என் உடம்பில் செய்ததும் அந்தத் தாளில் பதிவானதும் ஒன்றாக இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் நிரப்பியது டி.எஸ்.கியூ.எம். (மருந்தில் திருப்தியை அளக்கும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம்) என்ற கேள்வித்தாள். 2004-இல் வெளியானது, எந்த நோயின் மருந்துக்கும் பொதுவானது. மொத்தம் 14 கேள்விகள். மருந்து வேலை செய்கிறதா, பக்கவிளைவு உண்டா, சாப்பிடச் சுலபமா, மொத்தத்தில் திருப்தியா என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண்.

முதல் பகுதியிலேயே இடிக்கிறது. உங்கள் அறிகுறிகளை மருந்து குறைக்கும் விதம் திருப்தியா என்று கேட்கிறார்கள். தலைவலிக்கு மாத்திரை போட்டவர் சட்டென்று பதில் சொல்லிவிடுவார். பிரஷரில் பெரும்பாலானவர்களுக்கு அறிகுறியே கிடையாது. மேல் அளவு 160-ஐத் தாண்டிய நாட்களிலும் சரி, 130-க்குக் கீழே இருக்கும் நாட்களிலும் சரி, எனக்கு உடம்பில் ஒரு வித்தியாசமும் தெரிந்ததில்லை. அப்படியிருக்க இந்தக் கேள்விக்கு வரும் பதில், மருத்துவர் மேல் நமக்குள்ள நம்பிக்கையைத்தான் காட்டும்.

அதனால் டாக்டரைப் பார்க்கப் போகும் முன் ஒரு வாரம் காலையும் மாலையும் வீட்டிலேயே அளந்து எழுதி வைக்கிறேன். ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பட, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. வீட்டு அளவின் சராசரி 135/85-க்குக் கீழே இருந்தால் பொதுவாக நல்ல கட்டுப்பாடு என்பார்கள். அந்தச் சராசரி கையில் இருந்தால்தான் 'வேலை செய்கிறதா' என்பதற்கு என்னால் மனசாரப் பதில் எழுத முடிகிறது.

பக்கவிளைவுப் பகுதிதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையை 5 மி.கி. அளவில் சாப்பிட்டவரை எனக்குத் தொந்தரவு இல்லை. 10 ஆனதும் சாயங்காலத்தில் கால் கனக்க ஆரம்பித்தது. சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலைச் சுற்றி ஆழமான தடம். முன்னங்கால் எலும்பின் மேல் விரலை அழுத்தி எடுத்தால் குழி விழுந்து, மெதுவாகத்தான் நிரம்பும். டாக்டர் முதலில் இதயத்தையும் சிறுநீரகத்தையும் பரிசோதித்துவிட்டு, மாத்திரைதான் காரணம் என்றார். இந்த மருந்து சிறு தமனிகளை, அதாவது இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகும் சிறு குழாய்களை, விரிக்கிறது. ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் சிரைகள் அதே அளவு விரிவதில்லை. நடுவில் உள்ள நுண்குழாய்களில் அழுத்தம் கூடி நீர் வெளியே கசிகிறது. உடம்பில் உப்பும் நீரும் தேங்கியதால் வந்த வீக்கம் அல்ல என்பதால், சிறுநீரைக் கூட்டும் நீர் மாத்திரை இதற்குப் பெரிதாக உதவாது. அம்லோடிபினை மறுபடி 5 ஆக்கி, டெல்மிசார்டன் என்ற இன்னொரு பிரஷர் மருந்து 40 மி.கி. சேர்ந்த ஒரே மாத்திரையாக மாற்றினார். வீக்கம் வடிந்தது, அளவும் கட்டுக்குள் நின்றது.

என் அக்காவுக்கு வேறு கதை. எனாலப்ரில் என்ற பிரஷர் மாத்திரை ஆரம்பித்த பிறகு வறட்டு இருமல். சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. இருமல் மருந்தை மாற்றி மாற்றிக் குடித்தார். பிரஷர் மாத்திரையால் இருமல் வரும் என்று யாருக்குத் தோன்றும்? அந்த நேரத்தில் இந்தக் கேள்வித்தாள் அவர் கைக்கு வந்திருந்தால், 'இந்த மருந்தால் பக்கவிளைவு ஏதாவது உண்டா?' என்பதற்கு 'இல்லை' என்றுதான் எழுதியிருப்பார். 'இல்லை' என்றால் அந்தப் பகுதியின் மற்ற கேள்விகளைத் தாண்டிவிடலாம், மதிப்பெண் 100. ராத்திரி முழுக்க இருமியவருக்கு முழு மதிப்பெண்! லோசார்டன் என்ற வேறு பிரஷர் மாத்திரைக்கு மாற்றிய சில வாரங்களில் அவருடைய இருமல் நின்றது.

இதே கேள்வித்தாளுக்கு ஒன்பது கேள்விகள் கொண்ட சுருக்க வடிவமும் உண்டு. பிரஷர் மருந்து சாப்பிடுபவர்களிடம் அதைச் சோதித்த ஆய்வு 2009-இல் வந்தது. அதில் பக்கவிளைவுப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். ஆய்வாளர்களுக்கு அதற்குக் காரணம் இருக்கலாம். ஆனால் ஒரு தொந்தரவும் தராத நோய்க்கு வருடக்கணக்கில் மருந்து சாப்பிடுபவர் அதை நிறுத்த நினைத்தால், அநேகமாகக் கால் வீக்கமோ இருமலோ அசதியோதான் காரணமாக இருக்கும். அதைக் கேட்காமல் எடுக்கும் மதிப்பெண்ணை நான் அரைகுறையாகத்தான் பார்ப்பேன்.

சாப்பிடும் வசதியில் எனக்குக் குறையில்லை. ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை, அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் கேள்வித்தாளின் ஓரத்தில் நானே எழுதிவிடுகிறேன்: கால் வீக்கம், இருமல், எழுந்து நிற்கும்போது தலைசுற்றல், அசதி, அடிக்கடி சிறுநீர், தாம்பத்தியத்தில் மாற்றம். ஒவ்வொன்றுக்கும் எதிரே உண்டு, இல்லை என்று குறிப்பு. கடைசியில் உள்ளதை வாய்விட்டுச் சொல்லப் பலர் கூச்சப்படுவார்கள், எழுதிக் காட்டுவது சுலபம். போன தடவை டாக்டர் மதிப்பெண்ணைப் பார்க்கும் முன்னால் இந்த ஓரக் குறிப்பைத்தான் படித்தார். தலைசுற்றலுக்கு எதிரே 'எப்போதாவது' என்று எழுதியிருந்தேன். உடனே நிற்க வைத்து ஒரு தடவை பிரஷர் பார்த்தார்.