ஒரே ஷாட்டை ஐம்பது முறையா, ஐம்பது பந்துக்கும் வேறு வேறு ஷாட்டா? கோல்ஃப் ஸ்விங் பயிற்சி: ஓர் அலசல்

கோல்ஃப் பந்தடித்துப் பழகும் இடமான டிரைவிங் ரேஞ்சில் பெரும்பாலும் கண்ணில் படுவது ஒரே காட்சிதான். ஒரு பக்கெட் பந்தைக் கொட்டிக்கொண்டு, நடுத்தரத் தூரத்துக்கான கிளப்பான (மட்டை) செவன் அயர்னைக் கையில் எடுத்து, ஒரே கொடியைக் குறிவைத்து அடித்துக்கொண்டே இருப்பார்கள். முதல் பத்துப் பந்து கோணலாகப் போகும். அதன் பிறகு கை படிந்துவிடும், கடைசிப் பத்தும் நூல் பிடித்த மாதிரி நேராகப் பறக்கும். மறுநாள் மைதானத்தில் ஆட்டம் தொடங்கும் இடமான முதல் டீயில் போய் நின்றால் அந்த ஸ்விங்கைக் காணோம்.

இதற்கு நேர் எதிரானது கலவைப் பயிற்சி. ஒவ்வொரு பந்துக்கும் கிளப் மாறும், இலக்கு மாறும். நெடுந்தூரம் அடிக்கும் டிரைவருக்கு அடுத்தது குறுந்தூரத்துக்கான வெட்ஜ், அதற்கடுத்தது ஃபைவ் அயர்ன். செய்து பார்த்தால் எரிச்சலாக இருக்கும். பந்து நாலா பக்கமும் சிதறும், முன்னேற்றமே இல்லாத மாதிரி தோன்றும். இந்த எரிச்சலால்தான் பலர் பாதியிலேயே கைவிட்டு செவன் அயர்னுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

1979-ல் ஜான் ஷே, ராபின் மார்கன் என்ற இருவர் செய்த பரிசோதனை இந்த விஷயத்தில் அடிக்கடி பேசப்படுவது. கையில் டென்னிஸ் பந்தோடு மரத் தட்டிகளைக் குறிப்பிட்ட வரிசையில் தட்டிவிட வேண்டும். மொத்தம் மூன்று வரிசை. ஒரு குழு ஒன்றை முடித்த பிறகே அடுத்ததைக் கற்றது, மற்றதற்கு மூன்றும் கலந்து வந்தன. பயிற்சியின்போது முதல் குழுதான் வேகம். பத்து நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து கற்றவர்கள் முந்திவிட்டார்கள். அது கோல்ஃப் அல்ல, ஆய்வுக்கூடக் கைவேலை என்பதால் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் காரணம் கோல்ஃபுக்கும் பொருந்தும். மைதானத்தில் ஒரே ஷாட் அடுத்தடுத்து இரண்டு முறை வருவது அபூர்வம். ஒவ்வொரு முறையும் தூரம் கணித்து, கிளப் தேர்ந்து, கிரிப் பிடித்து, இலக்கை நோக்கி நின்று புதிதாகத் தொடங்க வேண்டும். ஒரே ஷாட்டைத் திரும்பத் திரும்ப அடிப்பவர் இந்த வேலையை முதல் பந்தோடு நிறுத்திவிடுகிறார். மீதிப் பந்துகளுக்கு முந்தைய அடியின் சின்னத் திருத்தமே போதுமானதாக இருக்கிறது.

அப்படியானால் திரும்பத் திரும்ப அடிப்பது வீணா? இல்லை. ஸ்விங்கின் அமைப்பையே மாற்றுகிறவருக்கு அது இல்லாமல் முடியாது. இங்கிலாந்து வீரர் நிக் ஃபால்டோ 1980-களின் நடுவில் பயிற்சியாளர் டேவிட் லெட்பெட்டரிடம் போய்த் தன் ஸ்விங்கைப் பிரித்து மறுபடி கட்டினார். சுமார் இரண்டு வருடம் ஆனது. அதற்கிடையில் ஆட்டம் சரிந்தது. 1987-ல் மியூர்ஃபீல்டில் பிரிட்டிஷ் ஓப்பனின் கடைசி நாளில் பதினெட்டு ஹோலிலும் பார் (அந்தந்த ஹோலுக்கு விதித்த அடி எண்ணிக்கை) எடுத்து ஜெயித்தார்.

ஆனால் புது அசைவைப் பழக, முழு வேகத்தில் பந்தடிப்பதைவிட வீட்டுக் கண்ணாடி முன் பந்தில்லாமல் செய்யும் மெது ஸ்விங் மேல் என்பேன். டவுன்ஸ்விங், அதாவது கிளப்பை மேலிருந்து பந்துக்கு இறக்கும் அசைவு, கிட்டத்தட்ட கால் நொடியில் முடிந்துவிடும். அதற்குள் யோசித்துத் திருத்த யாராலும் முடியாது. மெதுவாகச் செய்தால் நிறுத்திப் பார்க்கலாம். பின்னால் இழுக்கும்போது கிளப் இடுப்பு உயரத்தில் தரைக்கு இணையாக வரும் இடத்தில் நிறுத்துங்கள். கிளப் தலையின் நுனி வானத்தைப் பார்த்தால் சரி. பந்தில் படும் முகம் வானத்தைப் பார்த்தால் அது திறந்துவிட்டது என்று அர்த்தம். ஸ்லைஸ் (வலக்கைக்காரருக்குப் பந்து வலப்பக்கம் வளைந்து போவது) அடிப்பவர்கள் பலருக்குக் கோளாறு இங்கேயே தொடங்குகிறது. இதற்குச் செலவும் கிடையாது, தினம் பத்து நிமிடம் போதும். பந்து எங்கே போகிறது என்ற கவலை இல்லாததால் உடம்பும் பழைய வழிக்கு ஓடாது.

அடுத்தது, ரேஞ்சில் விரித்திருக்கும் செயற்கை விரிப்பிலா (மேட்), நிஜப் புல்லிலா, எதில் பழகுவது என்ற கேள்வி. என் ஓட்டு தயங்காமல் புல்லுக்குத்தான். மேட்டில் கிளப் பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் விழுந்தாலும் வழுக்கிப் போய்ப் பந்தைத் தொட்டுவிடும், பந்தும் ஓரளவு நன்றாகவே போகும். புல்லில் அதே அடி ஒரு கட்டி மண்ணைப் பெயர்த்துவிட்டுப் பந்தைப் பாதி தூரத்தில் போடும். டிவட் (மண் பெயர்ந்த தடம்) பந்து இருந்த இடத்துக்கு முன்பக்கம் தொடங்கியதா, பின்பக்கமா என்று குனிந்து பார்த்தாலே போதும், அடி எப்படி இருந்தது என்று தெரிந்துவிடும். மேட்தான் கிடைக்கும் என்றால் பந்துக்கு நாலு அங்குலம் பின்னால் ஒரு துண்டை மடித்துப் போடுங்கள். கிளப் துண்டில் பட்டால் பின்னால் அடிக்கிறீர்கள். கிளப் முகத்தில் லேசாகப் பவுடர் தடவினால் பந்து பட்ட இடம் வட்டமாகத் தெரியும். அந்த வட்டம் எப்போதும் கிளப் முகத்தின் குதிகால் பக்கமே (தண்டை ஒட்டிய பகுதி) விழுகிறது என்றால், எத்தனை பக்கெட் அடித்தாலும் தூரம் கூடாது.

புதிதாகத் தொடங்கியவருக்கு என் சிபாரிசு: முக்கால் பங்கு நேரம் மெது ஸ்விங்கும் ஒரே கிளப்பும், மீதி கலவை. ஓரிரு வருடம் ஆடி, ஸ்விங் ஓரளவு நின்றுவிட்டவர் இதை அப்படியே திருப்பிப் போட வேண்டும். ரேஞ்சில் நன்றாக ஆடி மைதானத்தில் சொதப்புகிறவர் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் கணிப்பு. அவர்கள் பக்கெட்டின் கடைசி இருபது பந்தில், தாங்கள் வழக்கமாக ஆடும் மைதானத்தையே ரேஞ்சில் ஆடிப் பார்க்கலாம். முதல் ஹோலுக்கு டிரைவர். பந்து வலப்பக்க மரங்களுக்குள் போயிருக்கும் என்று தோன்றினால் அடுத்தது கிளைக்கு அடியில் போகும் தாழ்வான ஷாட், பிறகு வெட்ஜ். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் இரண்டடி பின்வாங்கி, இலக்கைப் பார்த்து, மறுபடி வந்து நில்லுங்கள். சரியாக வரவில்லை என்று இன்னொரு பந்தை எடுத்து அதே ஷாட்டை அடிக்கக் கூடாது.