‘மற்றவை’யோடு நாலு வருஷம்

போன வாரம் கரூரில் ஐடி பார்க்கும் நண்பன் வாட்ஸப்பில் கேட்டான்: “மாப்ள, நீங்க ஜிஎல்பிஐ போட்டு நாலு வருஷம் ஆச்சுல்ல? உங்க டிக்கெட் கேட்டகரி எக்ஸெல்ல அப்படியே அனுப்பி விடு, நாங்களும் ஏத்திக்கறோம்.” ஃபைலை இணைத்துவிட்டேன். அனுப்ப மனசு வரவில்லை. அதற்குப் பதிலாகத்தான் இது.

ஜிஎல்பிஐ பற்றி அவனுக்கே தெரியும்: ஆட்கள் சொல்லும் கம்ப்யூட்டர் கோளாறுகளை டிக்கெட்டாகப் பதிந்து, கேட்டகரி வாரியாகப் பிரித்துக் கவனிக்கும் மென்பொருள், ஓப்பன் சோர்ஸ், காசு இல்லை, பிரான்ஸ்காரர்கள் ஆரம்பித்தது. அதில் எனக்குப் பெரிய குறை கிடையாது. குறையெல்லாம் நான் அதற்குள் நட்ட கேட்டகரி மரத்தின் மேல்தான்.

எங்களுடையது திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனி. ஐடி-யில் நாலு பேர். ஐடிஐஎல் (ஐடி சேவையை ஒழுங்காக நடத்தச் சொல்லித்தரும் வழிமுறை) பயிற்சி முடித்த சூட்டில் உட்கார்ந்து ஹார்டுவேர், சாஃப்ட்வேர், நெட்வொர்க் என்று தொடங்கி 140 கேட்டகரி போட்டேன். எத்தனை மட்டம் வேண்டுமானாலும் கிளை விட்டுக்கொள் என்கிறது இந்த மென்பொருள். அதுதான் வினை. ‘ஹார்டுவேர் > பிரிண்டர் > பார்கோடு > ரிப்பன்’ என்று நாலாவது மட்டம் வரை இறங்கியபோது எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது.

பேக்கிங் செக்‌ஷன் அக்காவுக்குத் தெரிவது ஒன்றே ஒன்று: “ஏனுங்க, லேபிள் வரமாட்டேங்குது.” ரிப்பன் தீர்ந்ததா, கேபிள் கழன்றதா, கம்பெனி வேலையெல்லாம் ஓடும் ஈஆர்பி மென்பொருளில் பேக்கிங் லிஸ்ட் இன்னும் ஏறவில்லையா, அவருக்கு எப்படித் தெரியும்? ரிப்பன்தான் என்று தெரிந்திருந்தால் அவரே மாற்றியிருப்பார், டிக்கெட்டே வந்திருக்காது. பாதிப் பேர் கேட்டகரியைத் தொடாமலே அனுப்பினார்கள். கோபத்தில் டெம்ப்ளேட்டில் போய் அதைக் கட்டாயமாக்கினேன்.

அடுத்த மாத ரிப்போர்ட்டில் முதலிடம் ஆன்டிவைரஸ். ஜிஎம் கூப்பிட்டு, “என்ன தம்பி, ஏதாவது அட்டாக்கா?” என்றார். அட்டாக்கெல்லாம் இல்லை. பட்டியல் அகர வரிசையில் வரும், ஆங்கில ‘ஏ’-யில் தொடங்கும் ஆன்டிவைரஸ்தான் உச்சியில் நிற்கும். அவசரத்தில் இருப்பவர் எது முதலில் கைக்கு வருகிறதோ அதைத் தட்டிவிட்டுப் போகிறார். பெயர்களுக்கு முன்னால் 01, 02 என்று எண் போட்டு வரிசையை மாற்றினேன். ஆன்டிவைரஸ் அடங்கியது. மொத்தக் கூட்டமும் கடைசியில் இருந்த ‘மற்றவை’க்குக் குடிபோனது.

இந்த ‘மற்றவை’ மேல் எனக்கு இருக்கும் எரிச்சலுக்கு அளவில்லை. ஒரு வாரம் அதைத் தூக்கியே பார்த்தேன். அந்த வாரம் ‘பிரிண்டர்’ தலைப்பின் கீழ் வந்த ஒரு டிக்கெட்: “ஃபேன் ஓடல.” சீலிங் ஃபேன்! அமைதியாக ‘மற்றவை’யைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் டீயோடு உட்கார்ந்து ‘மற்றவை’யை மட்டும் ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு என் வேலையே புரிந்தது. கைரேகை மெஷின் எச்ஆர் சமாச்சாரம் என்று நான் கேட்டகரியே வைக்கவில்லை. ஆனால் கேட்டில் விரல் பதியவில்லை என்றால் ஆட்கள் எங்களிடம்தான் வருகிறார்கள். “புது ஆள் சேர்ந்திருக்கார், சிஸ்டம் வேணும்” என்பது பழுதே இல்லை, கோரிக்கை. இன்சிடென்ட், ரிக்வெஸ்ட் என்று பிரிக்க ஜிஎல்பிஐ-யில் தனிப் புலமே இருக்கிறது, எந்தக் கேட்டகரி எதில் தெரியவேண்டும் என்று டிக் போடலாம். நான்தான் இரண்டையும் ஒரே கிளையில் திணித்து வைத்திருந்தேன்.

கேட்டகரி திரையில் இன்னொரு சின்ன டிக் பாக்ஸ் உண்டு, பயனரின் எளிய திரையில் இது தெரியட்டுமா வேண்டாமா என்று. மூன்று வருஷம் கண்ணில் படவில்லை. மிச்ச எல்லாவற்றிலும் அந்த டிக்கை எடுத்துவிட்டு ஆட்களுக்கு ஒன்பதே ஒன்பது காட்டினேன், அவர்கள் பேச்சிலேயே: ‘லேபிள் வரல’, ‘லாகின் ஆகல’, ‘நெட் இல்ல’. காரணத்தை டிக்கெட் முடிக்கும்போது தீர்வு வகையில் நாங்கள் போடுகிறோம். இது மட்டும் கொடுத்த காசுக்கு மேல் (காசே கொடுக்கவில்லை என்பது வேறு). ‘லேபிள் வரல’ டிக்கெட்டுகளை வடிகட்டிப் பார்த்தால், ஒரு டேபிளுக்கு மட்டும் திரும்பத் திரும்ப ‘கேபிள்’ என்றே முடிந்திருந்தது. போய்க் குனிந்து பார்த்தேன். பெட்டி ஏற்றும் டிராலி தினமும் அந்த லேன் கேபிள் மேல்தான் ஏறி இறங்குகிறது. நசுங்கி வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. சுவரோரம் மேலே தூக்கிக் கட்டினோம், அந்த டேபிளில் இருந்து அப்புறம் சத்தமே இல்லை. இத்தனை நாளும் பிரிண்டரைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

மாப்ள, உனக்கு இரண்டே எச்சரிக்கை. டிபார்ட்மென்ட் பெயரைக் கேட்டகரி ஆக்காதே, அதற்கு லொகேஷன் இருக்கிறது. பழைய கேட்டகரியின் பெயரை மாற்றி வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளாதே, முடிந்துபோன டிக்கெட்டிலெல்லாம் புதுப் பெயர் ஏறிக்கொள்ளும், போன வருஷக் கணக்கு குழம்பிவிடும்.

மார்க் கேட்டாயானால், நேற்று என்றால் அஞ்சுக்கு நாலு கொடுத்திருப்பேன். இன்று ஒன்றரை. காலையில் ஜிஎம்மே ஒரு டிக்கெட் போட்டார். கேட்டகரி ‘மற்றவை’, தலைப்பு ‘அர்ஜென்ட்’, விவரம் ஒரு புள்ளி. ஒரே ஒரு முற்றுப்புள்ளி. கையில் இருந்ததைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன். அவருடைய வயர்லெஸ் மவுஸில் பேட்டரி தீர்ந்திருந்தது.

எக்ஸெல் அனுப்பமாட்டேன். அந்த 140-இல் ‘ஹார்டுவேர் > மவுஸ் > வயர்லெஸ் > பேட்டரி’ என்று ஒன்று இருந்தது. போன ஆடியில் நானே அழித்தேன்.