ஆர்சனல் கிளப் ஃபுட்பால் (பிளேஸ்டேஷன் 2): பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கோட்மாஸ்டர்ஸ் நிறுவனம் 2003ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வெளியிட்ட 'கிளப் ஃபுட்பால்' என்னும் கால்பந்து வீடியோ கேம் வரிசையில், லண்டன் கால்பந்துக் கழகமான ஆர்சனலுக்குரிய டிஸ்க்கைப் பழைய பொருள் கடையொன்றில் வாங்கிப் பல ஆண்டுகளாக விளையாடி வருகிறேன். அடிப்படையில் ஒன்றேயான விளையாட்டை மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல், ரியல் மாட்ரிட், பார்சலோனா என்று கழகத்துக்கு ஒரு டிஸ்க்காகப் பிரித்து விற்றது வெறும் வணிகத் தந்திரம் என்று அன்று பேசப்பட்டது. அது தந்திரம்தான், மறுப்பதற்கில்லை. ஆயினும் இத்தனை காலம் கழித்தும் இந்த டிஸ்க்கை நான் விற்காமல் வைத்திருப்பதற்கு அந்தத் தந்திரமே காரணம்.

பிற கால்பந்து விளையாட்டுகளில் நம் அணி, நூற்றுக்கணக்கான அணிகளின் பட்டியலில் ஒரு பெயர் மட்டுமே. இங்கோ கழகத்தின் சின்னமும் நிறமும் முகப்புத் திரையிலிருந்தே உடன் வருகின்றன. எதிரணிகள் விருந்தாளிகளைப்போல வந்து போகின்றன. நம்மையே ஓர் ஆட்டக்காரராக உருவாக்கி அணியில் சேர்த்துக்கொள்ளும் வசதியும் உண்டு. ஆர்சனலின் நட்சத்திர முன்கள வீரர் தியரி ஓன்றிக்குப் பக்கத்தில் என் பெயரைத் தாங்கிய ஒருவர் ஓடுவதில் முதல் சில வாரங்கள் கிடைத்த மகிழ்ச்சி பிறகு குறைந்துவிட்டது. இப்போது அவரை மாற்று வீரர்கள் பட்டியலிலேயே விட்டுவிடுகிறேன்.

ஆட்டத்தின் தரத்தைப் பற்றி நேர்மையாகச் சொன்னால், அது நடுத்தரம். அதே பருவத்தில் வெளிவந்த 'ப்ரோ எவல்யூஷன் சாக்கர் 3' விளையாட்டில் பந்துக்குத் தனக்கென எடையும் போக்கும் இருப்பதை விரல்களே உணரும். அதை ஆடிவிட்டு இதற்குத் திரும்பினால் பாஸ்களின் ஓட்டம் சற்று இயந்திரத்தனமாகத் தோன்றுகிறது. பழகிய பிறகு வெற்றி எளிதாகிவிடுவதால், தொடர்ந்து மணிக்கணக்கில் ஆடுவதைவிட இடைவெளி விட்டு ஆடும்போதுதான் இது சுவைக்கிறது.

இந்த டிஸ்க்கின் உண்மையான செல்வம் அதில் உறைந்து நிற்கும் காலம். ஓன்றி, வியேரா, பிரெஸ், பெர்க்கம்ப், கேம்பல் ஆகியோரைக் கொண்ட அந்த அணி, 2003-04 பருவத்தில் இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் 38 ஆட்டங்களில் 26 வெற்றியும் 12 சமநிலையும் பெற்று, ஒன்றில்கூடத் தோற்காமல் பட்டத்தை வென்றது. இந்த விளையாட்டு விற்பனைக்கு வந்தபோது பருவம் பாதியைக்கூடத் தாண்டியிருக்கவில்லை என்பதால், தான் எந்த அணியைப் பதிவு செய்திருக்கிறது என்பது இந்த டிஸ்க்குக்கே தெரியாது! 2004 ஜனவரியில் அணிக்கு வந்து சேர்ந்த முன்கள வீரர் ரேயெஸ் இதில் இல்லை. விமானப் பயணத்தை அறவே தவிர்த்ததால் பெர்க்கம்ப் உண்மையில் ஆடாமல் விட்ட ஐரோப்பிய ஆட்டங்கள் பல. அந்தக் குறையைத் தீர்ப்பதற்காகவே ஐரோப்பிய அணிகளுடன் மோதும்போதெல்லாம் அவரை நான் முதல் நிமிடத்திலிருந்தே களமிறக்குகிறேன்.

அணியைவிடவும் எனக்கு முக்கியமானது ஹைபரி மைதானம். 1913 முதல் கழகத்தின் இல்லமாக இருந்த அங்கே, 2006 மே 7 அன்று விகன் அணிக்கு எதிராக 4-2 என வென்றதே கடைசி ஆட்டம். ஓன்றி அதில் மூன்று கோல்கள் அடித்தார். பின்னர் அந்த இடம் அடுக்குமாடிக் குடியிருப்பாக மாறியது. 1930களில் எழுந்த கிழக்கு, மேற்குப் பார்வையாளர் மாடங்களின் முகப்புகள் காக்கப்பட்டன. புல்வெளி குடியிருப்போரின் தோட்டமாயிற்று. அங்கே இனிப் பந்து உருளப்போவதில்லை என்னும்போது, இருபது ஆண்டுகளுக்கு முந்தைய வரைகலைத் தரத்திலாவது அந்த மாடங்களுக்கு நடுவே ஓர் ஆட்டம் ஆட முடிவது சிறிய விஷயமன்று. ஓர் அணிக்கு ஒரு டிஸ்க் என்ற குறுகிய ஏற்பாடே மைதானத்தின் மீது இவ்வளவு கவனம் செலுத்த இடமளித்தது என்று கருதுகிறேன்.

வாங்க விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இது ஐரோப்பாவில் வழங்கிய 'PAL' தொலைக்காட்சி முறைக்கான டிஸ்க் ஆதலால் அமெரிக்க, ஜப்பானியக் கருவிகளில் நேரடியாக ஓடாது. புதிய தொலைக்காட்சிகளில் மஞ்சள் முனை கொண்ட சாதாரணக் கேபிளில் படம் மங்கலாகத் தெரியும். படத்தை மூன்று தனி முனைகளில் அனுப்பும் காம்போனன்ட் கேபிளுக்கு மாறிய பிறகே சட்டை எண்களை என்னால் தெளிவாகப் படிக்க முடிந்தது. ஆர்சனல் ரசிகர் அல்லாதவர் இதற்காகப் பணம் செலவிட வேண்டியதில்லை. அவரவர் கழகத்துக்குத் தனி டிஸ்க் இருக்கிறதா என்று முதலில் தேடிப் பார்க்கலாம்.