26 அடி வண்டியோடு ராக்கி மலைக்கு: மூன்று பயணங்களில் எது?

கூடாரத்தில் படுத்து எழ அம்மாவுக்கு முட்டி இடம் தராது. ஊருக்கு ஊர் ஓட்டல் மாறிப் பெட்டியைத் தூக்கி இறக்குவதும் அலுப்பு. அதனால்தான் ஆர்.வி. என்னும் வீட்டு வண்டி எடுத்தோம், படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் கூடவே வந்துவிடும். மூன்று கோடைகளில் மூன்று பயணம் போனோம். மொண்டானாவில் கிளேசியர், வயோமிங்கில் யெல்லோஸ்டோனும் கிராண்ட் டீட்டனும், கனடாவின் ஆல்பர்ட்டாவில் பேன்ஃபும் ஜாஸ்பரும். எல்லாமே ராக்கி மலைத்தொடர்தான், அழகில் எதையும் குறைத்துச் சொல்ல மனம் வராது. ஆனால் வண்டியோடு போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது வேறு: மலைமேல் வண்டியை விடுவார்களா? அம்மா உட்காரும் ஜன்னலிலிருந்து மலை தெரியுமா?

கிளேசியரில் இரண்டு கேள்விக்கும் ‘இல்லை’ என்பதுதான் பதில். அந்தப் பூங்காவின் உயிரே கோயிங் டு தி சன் சாலை. சுமார் 50 மைல், நடுவே 6,646 அடி உயரத்தில் லோகன் கணவாய். 1933-ல் திறப்பு விழா கண்ட சாலை அது. அந்தக் காலத்துக் கார்களின் அகலத்துக்குப் பாறையைக் குடைந்திருக்கிறார்கள். ஒரு பக்கம் பாறை தலைக்குமேல் துருத்திக்கொண்டிருக்கும், மறுபக்கம் இடுப்புயரக் கல் சுவர், அதற்கப்பால் பள்ளத்தாக்கு. அதனால் அவலாஞ்ச் முகாமுக்கும் ரைசிங் சன்னுக்கும் நடுவே 21 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு அனுமதி கிடையாது. அகலமும் 8 அடியைத் தாண்டக் கூடாது. பம்பரும் பக்கக் கண்ணாடியும் சேர்த்துத்தான் கணக்கு. குடும்பத்தோடு தூங்கி எழும் ஆர்.வி. அனேகமாக எதுவும் இதில் தேறாது.

நீளம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வாடகைக்கு எடுத்த இடத்தில் எங்களுக்கு 25 அடி என்று எழுதிக் கொடுத்தார்கள். முகாமுக்குப் போய் முன் பம்பரிலிருந்து பின்னால் தொங்கும் ஏணிவரை டேப் பிடித்தால் 26 அடி 4 அங்குலம். முகாமில் ஒவ்வொரு இடத்துக்கும் நீள வரம்பு உண்டு. எங்களுக்குக் கொஞ்சம் தாராளமான இடம் கிடைத்திருந்ததால் தப்பித்தோம். சாவி வாங்கும் முன்பே நீங்களே அளந்துவிடுங்கள்.

அப்புறம் மேலே எப்படிப் போவது? 1930-களின் பின்பாதியில் கட்டிய 33 சிவப்புப் பேருந்துகள் அங்கே இன்றும் ஓடுகின்றன. ஒவ்வொரு வரிசைக்கும் தனிக் கதவு, துணிக்கூரையைச் சுருட்டிவிட்டால் தலைக்குமேல் வானம். அம்மாவை ஏற்றிவிட இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. வீப்பிங் வால் என்ற இடத்தில் பாறையிலிருந்து வழியும் நீர் பேருந்துக்குள்ளேயே தெறித்தது. அம்மா சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு, குற்றாலம் மாதிரியே இருக்கிறது என்றார். அருமையான நாள்தான், மறுக்கவில்லை. ஆனால் அன்று முழுக்க நாங்கள் வாடகை கொடுத்த வீடு கீழே மரநிழலில் சும்மா நின்றது. பூங்காவின் மறுபக்கத்துக்கு அந்த வண்டியைக் கொண்டுபோக, தெற்கே யு.எஸ். 2 நெடுஞ்சாலையைச் சுற்றிக்கொண்டு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஓட்டினோம். பூங்கா முகாம்களில் மின்சார இணைப்பும் கிடையாது. 20 அடிக்குள் அடங்கும் வேன் வைத்திருக்கும் இருவர் என்றால் கிளேசியருக்குப் போங்கள். நாலு பேருக்கு நான் சொல்ல மாட்டேன்.

யெல்லோஸ்டோன் இதற்கு நேர் எதிர். 8 வடிவில் 142 மைல் ஓடும் கிராண்ட் லூப் சாலையில் பெரிய வண்டிக்கும் தடையில்லை. டன்ரேவன் கணவாய் 8,859 அடி. ஏறும்போது எஞ்சின் முனகும், இறங்கும்போது கியரைக் குறைத்து, பிரேக்கை விட்டு விட்டு மிதித்தால் போதும். பூங்காவுக்குள் தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் மூன்று இணைப்பும் கிடைக்கும் ஒரே முகாம் ஃபிஷிங் பிரிட்ஜ். கிரிஸ்லி கரடிகள் நடமாடும் இடம் என்பதால் கூடாரத்துக்கோ துணிப்பக்கம் வைத்த வண்டிக்கோ இடமில்லை. கெட்டிச் சுவர் வேண்டும். அந்த உயரத்தில் தண்ணீர் 92 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். முதல் நாள் பாத்திரத்தில் வைத்த சோறு எவ்வளவு நேரமானாலும் நடுவில் அரிசியாகவே நின்றது. குக்கர் இல்லாமல் போகாதீர்கள்.

ஹெய்டன் பள்ளத்தாக்கில் பைசன் என்னும் காட்டெருதுக் கூட்டம் சாலையை மறித்தால் மணிக்கணக்கில் நிற்க வேண்டிவரும். கார்க்காரர்கள் நெளிந்துகொண்டிருந்தபோது நாங்கள் ஓரமாக ஒதுக்கிவிட்டு டீ போட்டோம். ஒரு பெரிய காளை எங்கள் ஜன்னலை ஒட்டி நடந்துபோனது. மூக்கிலிருந்து வந்த ஆவி கண்ணாடியில் படிந்ததை அம்மா இன்றும் சொல்வார். குறை என்றால், இங்கே பார்க்கத் தக்கவை வெந்நீர் ஊற்றுகளும் விலங்குகளும்தான். பெரும்பாலான நேரம் ஜன்னலில் பைன் மரம்தான் ஓடும், மலை தள்ளியே நிற்கும்.

அந்தக் குறையைத் தெற்கே ஒட்டியிருக்கும் கிராண்ட் டீட்டன் தீர்த்துவைக்கிறது. கோல்டர் பே ஆர்.வி. முகாமிலும் மூன்று இணைப்பும் உண்டு. மூஸ் வில்சன் சாலைக்குள் மட்டும் ஆர்.வி.யைத் திருப்பாதீர்கள், அங்கே அனுமதி இல்லை.

இப்போது பேன்ஃபும் ஜாஸ்பரும். பேன்ஃபில் இருக்கும் லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் ஊர் வரை ஐஸ்ஃபீல்ட்ஸ் பார்க்வே என்ற மலைச்சாலை, சுமார் 230 கிலோமீட்டர். கிளேசியரில் பேருந்து ஏறிப் பார்த்த உயரமும் பனியும் இங்கே நம் வண்டியின் ஜன்னலுக்கே வந்துவிடுகின்றன. போ கணவாய் 2,068 மீட்டர், லோகனைவிடக் கொஞ்சம் கூடவே. ஆனாலும் சாலை அகலம், ஆர்.வி.க்கு நீளத் தடை இல்லை, சரக்கு லாரிகளை உள்ளே விடுவதில்லை. அதபாஸ்கா பனியாற்றின் எதிரில் வண்டியை நிறுத்தினோம். பனியாறு எந்த ஆண்டில் எதுவரை இருந்தது என்று நடைபாதையோரம் பலகைகள் நட்டிருக்கிறார்கள். 125 ஆண்டுகளில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. பிள்ளைகள் பலகை பலகையாக ஏறிப்போனார்கள். அம்மா மேசையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கியபடியே அவர்களையும் பனியையும் பார்த்துக்கொண்டிருந்தார். இதற்காகத்தான் ஆர்.வி. எடுத்தோம் என்று எனக்கு அப்போது தோன்றியது.

தொல்லைகளும் உண்டு. நடுவழியில் பெட்ரோல் சஸ்காட்சுவான் கிராசிங்கில் மட்டும், அதுவும் குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள்; லேக் லூயிஸிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பெரும்பகுதியில் போன் எடுக்காது. சாலையோர முகாம்களில் மின்சாரம் இல்லை. லேக் லூயிஸ் பக்கத்தில் இருக்கும் மொரேன் ஏரிக்கு 2023 முதல் சொந்த வண்டி போக முடியாது, ஷட்டில் பேருந்துதான். 2024 ஜூலைக் காட்டுத்தீயில் ஜாஸ்பர் ஊரில் மூன்றில் ஒரு பங்கு கட்டடங்கள் எரிந்துபோயின. கரிந்த மரங்களைக் கடந்துதான் ஊருக்குள் போவீர்கள். அங்கே சாமான் வாங்குங்கள், அந்த ஊருக்கு அது உதவி.

செலவிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 2026 ஜனவரி முதல் அமெரிக்காவில் வசிக்காதவர்கள் கிளேசியர், யெல்லோஸ்டோன், கிராண்ட் டீட்டன் உள்ளிட்ட 11 பூங்காக்களில் வழக்கமான கட்டணத்தோடு ஆளுக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும், அல்லது 250 டாலர் ஆண்டு அட்டை வாங்க வேண்டும். ஊரிலிருந்து பெற்றோரை அழைத்துப்போகிறவர்கள் கவனிக்கவும். கனடாப் பூங்காக்களில் அப்படிப் பிரிப்பதில்லை. ஆனால் அமெரிக்க கிரீன் கார்டு இல்லாத இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்குத் தனியாகக் கனடா விசா வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் முன்பே விண்ணப்பியுங்கள்.

விசா கைக்கு வந்துவிடும் என்றால் பேன்ஃப், ஜாஸ்பர். இல்லையென்றால் யெல்லோஸ்டோனும் டீட்டனும் சேர்த்து. லேக் லூயிஸிலிருந்து வடக்கே ஓட்டினால் பெரிய பனியாறுகள் இடப்பக்கம் வரும். எங்கள் வண்டியில் சாப்பாட்டு மேசையின் ஜன்னலும் இடப்பக்கம்தான். வாடகைக்கு எடுக்கும் முன் வண்டியின் வரைபடத்தை வாங்கி, மேசை எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் என்றால் ஜாஸ்பரிலிருந்து தெற்கே ஓட்டுங்கள்.