யூரினே கொடுக்கவில்லை, ஆனால் ஃபைலில் ‘ஆல்புமின் இல்லை’

வீட்டில் கர்ப்பமான பெண் இருந்தால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், நீளமான பதிவு. கர்ப்பத்தில் பிபி ஏறி, யூரினில் ஆல்புமின் என்ற புரதம் போகும் ப்ரீஎக்ளாம்ப்சியா எனக்கு வந்த கதை. கிளினிக் பெயரை எழுதவில்லை. புகார் கொடுக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது, அதுவரை வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

மூன்றாம் மாதத்திலேயே 16,000 ரூபாய் பேக்கேஜ் கட்டினோம். 10 விசிட், 3 ஸ்கேன், ஒவ்வொரு முறையும் எடை, பிபி, யூரின் டெஸ்ட். மொத்தமாகக் கட்டியதற்கு 1,000 ரூபாய் தள்ளுபடி வேறு. ஏசி, சோபா, மீன்தொட்டி எல்லாம் இருந்தது. முதல் நாள் ஆதார் நம்பர் கேட்டார்கள், வீட்டுக்காரர் வேலை கேட்டார்கள், உங்கள் அம்மாவுக்குப் பிரசவத்தில் ஏதாவது சிக்கல் இருந்ததா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. என்னைப் பெற்ற மறுநாள் அம்மாவுக்கு ஜன்னி (வலிப்பு) கண்டு இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை, கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். தலைப்பிரசவம், அதோடு அம்மாவுக்கும் ப்ரீஎக்ளாம்ப்சியா இருந்திருக்கிறது என்றால் 12 வாரத்தில், எப்படியும் 16 வாரத்துக்குள், குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரை தொடங்குவதுண்டு என்பது எனக்கு எல்லாம் முடிந்த பிறகு அரசு ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லித்தான் தெரியும். (நீங்களாக மெடிக்கலில் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.)

ஏழாம் மாதம் வளைகாப்பு. போட்டபோது கலகலவென்று முழங்கை வரை ஓடிய கண்ணாடி வளையல்கள் பத்தே நாளில் மணிக்கட்டில் இறுகி அசையாமல் நின்றன. முகமும் உப்பியிருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் உடம்பு பூசினாற்போல் அழகாக இருக்கிறது என்றார்கள், நானும் சிரித்துக்கொண்டேன். மாசமாக இருக்கும்போது கால் வீங்குவது சகஜம்தான், ஆனால் கையும் முகமும் திடீரென்று வீங்கினால் அன்றே பிபி பார்க்க வேண்டுமாம்.

31-வது வாரம் விசிட். மெஷினில் 146/94 என்று வந்ததை என் கண்ணால் பார்த்தேன். நர்ஸ் பெண், “ஆட்டோவில் குலுங்கி வந்திருப்பீங்க, அதான்” என்று சொல்லிவிட்டு ஃபைலில் 130/80 என்று எழுதினாள். கொஞ்ச நேரம் உட்காரவைத்து மறுபடி பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. இரண்டு வாரத்தில் 3 கிலோ ஏறியிருந்தது. அன்று பாத்ரூமில் தண்ணீர் வரவில்லை, அடுத்த முறை யூரின் கொடுங்கள் என்று அவர்களே சொன்னார்கள். டாக்டர் நான்கு நிமிடம் பார்த்துவிட்டு உப்பைக் குறைக்கச் சொன்னார். அவர்களுக்குத் தெரியாததா என்று வந்துவிட்டேன். இந்த இடத்தில் என் மீதே எனக்குக் கோபம்.

33-வது வாரம், ஞாயிற்றுக்கிழமை, நெற்றி பிளக்கிற தலைவலி. கிளினிக்குக்குப் போன் செய்தால், பாராசிட்டமால் போடுங்கள், செவ்வாய்க்கிழமைதான் அப்பாயின்ட்மென்ட் இருக்கிறதே என்றார்கள். போட்டும் விடவில்லை. இரவு வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு வலி, வாந்தி. அத்தை ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். மறுபடி போன். கேஸ்தான், பயப்படாதீர்கள் என்று ஒரு மாத்திரை பெயர் வாட்ஸ்அப்பில் வந்தது. அது கேஸ் இல்லை, இந்த நோய் கல்லீரலைத் தாக்கியதால் வந்த வலி. விடியற்காலையில் கண் முன்னால் பொட்டுப் பொட்டாக மின்ன ஆரம்பித்ததும் அத்தை பயந்துபோய் இரண்டு தெரு தள்ளி இருக்கும் கிராம சுகாதார செவிலியரைக் கூட்டிவந்தார். அந்த அக்கா பிபி பார்த்தார், 170/112. கால் மணி நேரம் கழித்து இன்னொரு முறை, கிட்டத்தட்ட அதேதான். கிளினிக் ஃபைலைத் திறந்துகூடப் பார்க்காமல் 108-க்கு அடித்து, சீமாங் சென்டர் (அவசரப் பிரசவ, பச்சிளங்குழந்தை சிகிச்சை மையம்) இருக்கிற தலைமை ஆஸ்பத்திரிக்கே போங்கள், நடுவில் எங்கேயும் நிறுத்தாதீர்கள் என்றார்.

அங்கே யூரினில் ஆல்புமின் மூன்று பிளஸ், அதாவது நிறைய. ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் 78,000-க்கு இறங்கியிருந்தது. வலிப்பு வராமல் இருக்க மெக்னீசியம் ஊசி போட்டார்கள், நரம்பில் கொஞ்சம், இரண்டு இடுப்பிலும் கொஞ்சம். உடம்பெல்லாம் தணலை வாரிப் போட்டதுபோல் எரிந்தது. முழங்காலைச் சுத்தியால் தட்டிப் பார்ப்பதும், மூச்சை எண்ணுவதும், எவ்வளவு யூரின் போகிறது என்று குறிப்பதுமாக ஒரு நர்ஸ் கட்டில் பக்கத்திலேயே நின்றார். இந்த மருந்து வலிப்பு வரும் ஆபத்தைப் பாதிக்கும் மேல் குறைக்கிறது என்று 33 நாடுகளில் நடந்த பெரிய ஆய்வு 2002-லேயே காட்டிவிட்டது, விலையும் ஒன்றும் பெரிதில்லை. குழந்தையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு தொடங்கினார்கள், ஆனால் முழுதாக முடியும்வரை காத்திருக்க முடியாது என்று அன்றே சிசேரியன். வளையல்களை ஒவ்வொன்றாகத் தட்டி உடைத்துத்தான் எடுத்தார்கள். மகள் 1 கிலோ 620 கிராம், 22 நாள் பச்சிளங்குழந்தைகள் வார்டில். இப்போது நன்றாக இருக்கிறாள்.

பிரசவம் ஆகிவிட்டால் பிபி போய்விடும் என்று நாங்கள் நினைத்தோம், எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஐந்தாம் நாள் எனக்கு மறுபடி 160/104. மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை ஏறுவது அடிக்கடி நடப்பதாம், அந்த நேரத்தில்தான் நம் ஊரில் டிஸ்சார்ஜ் ஆகி அம்மா வீட்டில் படுத்திருப்போம். அம்மாவுக்கு ஜன்னி வந்ததும் பிரசவத்துக்குப் பிறகுதானே. எனக்கு ஆறு வாரம் மாத்திரை ஓடியது.

அப்புறம்தான் கிளினிக்கில் ஃபைல் கேட்டோம். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி. எங்களுக்கு 11 நாள் ஆனது. எட்டு விசிட்டிலும் பிபி 120/80, இல்லாவிட்டால் 130/80. யூரின் கொடுக்காத அந்த நாளுக்கு நேராகவும் ‘ஆல்புமின்: இல்லை’, எட்டு வரியும் ஒரே பேனா, ஒரே சாய்வு.

அதனால் எந்த ஆஸ்பத்திரியானாலும் நம்பரைக் கேட்டு உங்கள் போனில் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 140/90 வந்தால் மறுபடி பார்க்காமல் எழுந்து வராதீர்கள். 160/110 என்றால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் 108.

நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. இது தெரிந்ததாலோ என்னவோ, போன வாரம் கிளினிக்கில் இருந்து மேனேஜர் பேசினார். பயன்படுத்தாத இரண்டு விசிட்டுக்கு 3,200 ரூபாய் திருப்பித் தருகிறார்களாம், எனக்கு எந்தக் குறையும் இல்லை என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதுமாம். தாள் மேஜை மேல்தான் கிடக்கிறது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை.